மாத்திரை மட்டும் போதுமா?

சென்ற மாதச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை, நம் மன்றத்துப் படிப்பகத்தின் மாடி அறையைத் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கேட்டவர்கள் வெளியார் அல்லர். இந்த மும்பை மாநகரத்தில் தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், கல்யாண் பக்கத்திலும் நம்மோடு வாழும் தமிழர்கள். எல்லோரும் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்ந்து, அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்துச் சிகிச்சை எடுத்துவருபவர்கள். எதற்காக அறை? உட்கார்ந்து ஒருவரோடொருவர் பேசுவதற்கு. பத்து வருடமாய் மருந்து சாப்பிடுகிறவர், போன வாரம் மருந்து தொடங்கியவருக்கு வழி சொல்வதற்கு. அதுவும் தமிழில் சொல்வதற்கு.

செயற்குழு என்ன செய்தது? "அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திவைத்தது. ஒத்திவைப்பு என்றால் என்னவென்று இருபது வருடமாய் ரயில்வேயில் கோப்பு தூக்குகிற எனக்குத் தெரியும். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாதவர்கள் கண்டுபிடித்த சொல் அது.

ஆகவே வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். எதிர்ப்புச் சொன்னவர்கள் என் பகைவர்கள் அல்லர். வீடு இடிப்பை எதிர்த்தும், தமிழ்வழிப் பள்ளிக்காகவும் என் தோளோடு தோள் நின்றவர்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது தவறு. தவறு மட்டுமல்ல, அநீதி.

அவர்கள் சொன்னதை மறைக்காமல் சொல்கிறேன். மூத்த தோழர் ஒருவர், "தம்பி, கவர்ன்மெண்டு மாத்திரையைச் சும்மா கொடுக்குது. ஆஸ்பத்திரி இருக்கு, டாக்டர் இருக்காரு. வாங்கி முழுங்கிட்டு வீட்டுல இருக்க வேண்டியதுதானே? இதுக்குக் கூட்டம் எதுக்கு?" என்றார். இன்னொருவர், "பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற இடம். மன்றத்தின் பேர் கெட்டுவிடும்" என்றார். மூன்றாமவர் வாயைத் திறக்கவில்லை. "அவனவன் செய்ததை அவனவன் அனுபவிக்கிறான்" என்பதை அவர் முகமே சொல்லிவிட்டது.

முதல் கேள்விக்குத்தான் விரிவான பதில் தேவை. ஏனென்றால் அது கெட்ட எண்ணத்தோடு கேட்ட கேள்வி அல்ல. மேலே கோட்டையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளும் இதையேதான் கேட்கிறார்கள். மாத்திரை கொடுத்துவிட்டோம், இன்னும் என்ன வேண்டும்?

மாத்திரை முதலா, மனிதர் முதலா?

1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலாவும். "அது வெள்ளைக்காரன் நோய், நம் பண்பாட்டுக்கு வராது" என்று மார்தட்டியவர்களின் வாய் அன்றைக்கு அடைத்தது. வாய் அடைத்ததே ஒழிய மருந்து வரவில்லை. 1996 வாக்கில் மேலை நாடுகளில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தது. அங்கே சாவு குறைந்தது. இங்கே அந்த மருந்தின் விலையைக் கேட்டவன் அதிர்ச்சியில் விழுந்தான். ஓர் ஆண்டுக்கு ஒரு நோயாளிக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல்! 2001 பிப்ரவரியில் இதே மும்பையின் சிப்லா கம்பெனி, அதே மூன்று மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தருகிறேன் என்று அறிவித்தது. பன்னாட்டு மருந்து முதலாளிகளின் கொள்ளை அன்றைக்கு உலகத்துக்கு அம்பலமாயிற்று. அதன் பிறகும் மூன்று ஆண்டு கழித்து, 2004 ஏப்ரல் 1ஆம் தேதிதான் நம் அரசாங்கம் இலவசமாய் மருந்து கொடுக்கத் தொடங்கியது. அதுவும் முதலில் எட்டே மருத்துவமனைகளில். நம் ஜே.ஜே. அவற்றில் ஒன்று, தாம்பரம் சானடோரியம் இன்னொன்று.

இந்தப் பதினெட்டு ஆண்டுகள், 1986இலிருந்து 2004 வரை, நோய் வந்தவனை யார் தாங்கியது? அரசாங்கமா? சாதிச் சங்கங்களா? சொந்தபந்தமா? 1997இல் சென்னையில் கிருமியோடு வாழ்ந்த பன்னிரண்டு பேர் ஒன்றுகூடி, எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கான இந்தியக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே நாமக்கல்லின் கௌசல்யாவும் வேறு சில பெண்களும் சேர்ந்து, இத்தகைய பெண்களுக்கென்றே தனி அமைப்பைக் கட்டினார்கள். பெயரையும் முகத்தையும் வெளியே காட்டினால் வாடகை வீடு போகும், வேலை போகும், தாலி கட்டியவன் வீட்டார் தெருவில் தள்ளுவார்கள் என்றிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் மேடையேறி, "ஆமாம், எனக்கு இருக்கிறது" என்று சொன்னவர்கள் தமிழ்ப் பெண்கள்.

தோழர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். இலவச மாத்திரை வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே அவர்கள் கூட்டம் கூடிவிட்டார்கள். கூடியதால்தான் கேட்க முடிந்தது. கேட்டவர்கள் இருந்ததால்தான் கொடுக்க வேண்டி வந்தது. "மாத்திரைதான் கிடைக்கிறதே, கூட்டம் எதற்கு?" என்று கேட்பது, "சம்பளம்தான் வருகிறதே, சங்கம் எதற்கு?" என்று கேட்பதைப் போன்றது. அந்தக் கேள்வியை எந்த அதிகாரி கேட்டாலும் நாம் எப்படிப் பதில் சொல்வோம் என்று மூத்த தோழருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

வேறொன்றையும் சொல்லவேண்டும். 2022 ஜூலையில் பல மாநிலங்களில் இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு மாதத்துக்குக் கொடுக்க வேண்டியதைச் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். யார் கேட்டது? நோயாளிகளே டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். தனித்தனியாய் வீட்டில் மாத்திரை முழுங்கிக்கொண்டிருந்தவர்களால் இது நடந்திருக்குமா?

விழுங்குவது அவ்வளவு எளிதா?

இன்றைக்கு மாத்திரை ஒன்றே ஒன்றுதான். டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கியது. தினம் ஒரு தடவை, உயிர் உள்ளவரை. முன்பிருந்த மருந்துகளை நினைத்தால் இது எவ்வளவோ மேல். ஸ்டாவுடின் என்ற பழைய மருந்து கன்னத்தை ஒட்டவைத்து, மறைத்த நோயை முகமே காட்டிக்கொடுக்கும்படி செய்தது. எஃபாவிரென்ஸ் தலைசுற்றலையும் கெட்ட கனவையும் கொடுத்தது. அந்தக் காலம் மாறிவிட்டது.

தினமும் தவறாமல் விழுங்கினால், இரத்தத்தில் கிருமியின் அளவு சோதனைக் கருவிக்கும் எட்டாத அளவுக்கு இறங்குகிறது. அப்படி இறங்கி நிலைத்தவரிடமிருந்து உடலுறவின் வழியாக இன்னொருவருக்குக் கிருமி போகாது. இது நான் சொல்கிற ஆறுதல் அல்ல. சென்னையிலும் புனேயிலும் உள்ள தம்பதிகளும் பங்கெடுத்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை இன்னும் உறுதியாக்கின. இன்று மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிடுகிறவன் மற்றவர்களைப் போலவே வேலை செய்து, குடும்பம் நடத்தி, கிழவனாகலாம்.

ஆனால் அந்த "தவறாமல்" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பிறகு அந்த மருந்து கேட்காது. உடம்பின் எதிர்ப்பு சக்தி குறைந்ததும் காசநோய் வந்து உட்காரும். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொன்றதும் இன்னும் கொல்வதும் அந்தக் காசநோய்தான். குடிசைக்குள் குடிசை, காற்றுப் போகாத சந்து என்று வாழும் நமக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தவறுவது ஏன்? சோம்பலா? திமிரா? அதிகாரிகளின் ஏட்டில் "தொடர்பு அறுந்தவர்" என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அது டாக்டர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இட்லி வியாபாரம் செய்யும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மருத்துவமனையில் இந்தியில், "இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் இரவு ஏழரைக்குப் படுத்து, இரண்டரை மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறவர். ஒன்பது மணிக்கு எழுந்து மாத்திரை விழுங்கினால் குடிசையில் இருக்கும் மாமியார் கேட்பார், மைத்துனன் கேட்பான். அதனால் வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போயிற்று. டாக்டர் திட்டினார். மறுபடி திட்டினார். அந்தப் பெண் மருத்துவமனைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார். கடைசியில் அவரைத் தேடிப் போனவர், அதே நோயோடு பன்னிரண்டு வருடமாய் வாழும் இன்னொரு தமிழ்ப் பெண். டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, "அக்கா, ஒன்பது மணி என்ன சாமி குறிச்சுக் கொடுத்த நேரமா? தினமும் ஒரே நேரம்னா போதும். நீங்க அடுப்பு மூட்டுற நேரத்துல போட்டுக்குங்க. வீட்டுல எல்லாரும் தூங்கிட்டுத்தானே இருப்பாங்க?" என்று சொன்னார். அவ்வளவுதான் விஷயம். இந்த யோசனையைச் சொல்ல மருத்துவப் பட்டம் வேண்டாம். அந்தக் குடிசையில் இரண்டரை மணிக்கு யார் விழித்திருப்பார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

புட்டியைக் குலுக்கினால் சத்தம் வருகிறதே, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறவளுக்கு, புட்டியில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள் என்று சொல்வது யார்? ஊரில் கொடை வருகிறது, திருநெல்வேலிக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவான் என்று தெரிந்து, "அண்ணாச்சி, டிக்கெட் எடுத்தாச்சா? அப்போ பச்சைப் புத்தகத்தையும் எடுத்துக்குங்க, கூடுதலா ஒரு மாசத்து மாத்திரையை இப்பவே கேட்டு வாங்கிக்குங்க" என்று முன்கூட்டியே போன் பண்ணுவது யார்? 2020 மார்ச்சில் ஒரே இரவில் ரயில்களெல்லாம் நின்றபோது, எங்கெங்கோ மாட்டிக்கொண்டவர்களை, "பக்கத்தில் இருக்கிற மையத்திலேயே புத்தகத்தைக் காட்டி வாங்கலாம்" என்று தேடிப்பிடித்துச் சொன்னது யார்? சில இடங்களில் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது யார்? எல்லாம் அதே கிருமியோடு வாழ்கிறவர்கள்தான்.

ரயில்வேத் தோழர்களுக்குப் புரிகிறபடி சொல்கிறேன். தண்டவாளம் போட்டாகிவிட்டது, எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். அதற்காகக் கீமேனை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? சுத்தியலும் ஸ்பேனருமாய் ஒவ்வொரு நாளும் தன் செக்ஷனை நடந்தே பார்த்து, கழன்ற சாவியைத் தட்டிவிட்டு வருகிறானே, அவன் நடக்காவிட்டால் ராஜதானியும் கவிழும். மருந்து தண்டவாளம் என்றால், இந்தத் தோழமைப் பணியாளர்கள்தான் கீமேன்கள்.

அறிவியல் ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மருந்தை விடாமல் சாப்பிட உதவும் வழிகளில் ஒன்றாக, அதே நோயுள்ளவர்களைக் கொண்டு ஆலோசனை சொல்ல வைப்பதை உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே பரிந்துரைத்திருக்கிறது. நம்மைவிட ஏழை நாடான ஜிம்பாப்வேயில், கிருமியோடு வாழும் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, தங்களைவிடச் சிறிய பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். 2020இல் வெளியான அதன் ஆய்வைப் பாருங்கள். சாதாரணச் சிகிச்சை மட்டும் பெற்ற பிள்ளைகளில் நூற்றுக்கு 36 பேருக்கு மருந்து பலிக்காமல் போயிற்று அல்லது உயிர் போயிற்று. அண்ணன் அக்காமார் வந்து பார்த்த பிள்ளைகளில் அது 25 ஆக இருந்தது. மாத்திரை இரண்டு பக்கமும் ஒன்றுதான். வித்தியாசம், வந்து பார்த்த ஆள்.

கைம்மாறு: ஒரு சால்வை!

இவ்வளவு செய்கிறவர்களுக்கு அரசாங்கம் கொடுப்பது என்ன? மதிப்பூதியம்! தொண்டர் என்ற பட்டம்! டிசம்பர் 1ஆம் தேதி மேடையில் ஒரு சால்வை! சம்பளம் என்ற சொல்லையே சொல்லமாட்டார்கள். சம்பளம் என்றால் சட்டம் வரும், சேமநிதி வரும், விடுப்பு வரும். இவர்களின் வேலையெல்லாம் திட்டத்தோடு கட்டப்பட்ட வேலை. 2013இல் 'விஹான்' என்ற திட்டத்தின்கீழ் ஆதரவு மையங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. நோயாளிகளின் சொந்த அமைப்புகளே பல இடங்களில் அவற்றை நடத்தின. பணம் வந்தது குளோபல் ஃபண்டு என்ற பன்னாட்டு நிதியிலிருந்து. வெளிநாட்டான் குழாயைத் திறந்தால் தண்ணீர், மூடினால் வறட்சி. 2025 சனவரியில் அமெரிக்காவில் புதிய ஆட்சி வந்து வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், ஐதராபாத்திலும் புனேயிலும் நமக்குப் பக்கத்தில் கல்யாணிலும் திருநங்கையருக்காக நடந்துவந்த 'மித்ர்' மருத்துவ மையங்கள் மூடப்பட்டன. வாஷிங்டனில் ஒருவன் கையெழுத்துப் போட்டால் கல்யாணில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. இதுதான் நாம் பெற்ற சுயசார்பா?

மாத்திரைக்கு நம் அரசாங்கம் தன் சொந்தப் பணத்தைப் போடுகிறது, அதை மறுக்கவில்லை. அந்த மாத்திரை தொண்டைக்குள் போவதை உறுதி செய்கிறவனுக்கு மட்டும் ஏன் அயலான் தர்மம்?

நம் தொழிலில் இந்தக் கதை நமக்குப் பழைய கதை. ரயில்வேயில் கேஷுவல் லேபர் என்று ஒரு பெரும் படை இருந்தது. பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள். வருடக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு, "ப்ராஜெக்ட் முடிந்தது, வீட்டுக்குப் போ" என்று விரட்டினார்கள். 1974 மே மாதம் நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இவர்களை நிரந்தரமாக்குவதும் ஒன்று. வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது, ஆனால் கோரிக்கை சாகவில்லை. 1985இல் இந்தர்பால் யாதவ் வழக்கில் உச்சநீதிமன்றம், திட்டத் தொழிலாளர்களைப் படிப்படியாக வேலையில் சேர்க்க வழி செய்தது. அன்றைக்கு அவர்கள் தொண்டர்கள் அல்லர், தொழிலாளர்கள் என்று நம் மூத்தவர்கள் சொன்னார்கள். அதையே இவர்களுக்கும் சொல்ல நமக்கு நாக்கு எழவில்லையா?

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். நோய் இருப்பதாலேயே ஒருவர் நல்ல ஆலோசகர் ஆகிவிடமாட்டார். பயிற்சி வேண்டும். கேட்டதை வெளியே சொல்லாத வாய் வேண்டும். எங்கே தன் பேச்சு முடிந்து டாக்டரின் பேச்சு தொடங்குகிறது என்ற தெளிவு வேண்டும். லோக்கல் ரயில் பெட்டிக்குள் "முற்றிலும் குணமாக்குகிறோம்" என்று நோட்டீஸ் ஒட்டுகிற ஏமாற்றுக்காரனிடம் வீட்டு நகையைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நம்மிலேயே உண்டு. இதனால்தான் இதைச் சும்மா தொண்டாக விடக்கூடாது என்கிறேன். பயிற்சியும் பொறுப்பும் கேட்கிற வேலைக்குக் கூலியும் கேட்கலாம்.

நம்மவருக்கு ஏன் தனியாக?

"மும்பையில் ஆதரவு மையங்கள் இருக்கின்றனவே, அங்கே போகட்டுமே" என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கின்றன. மராத்தியிலும் இந்தியிலும் நன்றாகவே நடக்கின்றன. அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கும் அளவுக்கு இந்தி தெரிந்த பெண், தன் புருஷன் செத்த கதையையும், அதன்பின் தனக்கு வந்த சோதனை முடிவையும் அந்த இந்தியில் சொல்ல முடியுமா? வயிற்றுவலிக்கே சரியான சொல் கிடைக்காமல் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் நாம். அழுவதற்குத் தாய்மொழி வேண்டும்.

அடுத்தது, நம் வாழ்க்கையே இரண்டு ஊரில் இருக்கிறது. பாதி இங்கே, பாதி அங்கே. மருந்துக் கணக்கு ஒரு மையத்தில் இருக்க, ஆள் வேறு மாநிலத்தில் இருக்கிறான். இந்தப் போக்குவரத்தில் எத்தனை பேர் நழுவி விழுகிறார்கள் என்பது எங்களைப் போல் டிக்கெட் கொடுக்கிற சன்னலில் உட்காருகிறவர்களுக்குக் கொஞ்சம் தெரியும். குறிப்பிட்ட சிகிச்சை மையங்களுக்குப் போய்வர, இந்த நோயாளிகளுக்கு இரண்டாம் வகுப்பில் 50 சதவீதச் சலுகை உண்டு. நல்ல சலுகைதான். ஆனால் அதற்கான சான்றிதழில் நோயின் பெயர் இருக்கும். பின்னால் வரிசையில் முப்பது பேர் நிற்க, அந்தத் தாளைச் சன்னலுக்குள் நீட்டவேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் உரக்கப் படிக்கிற ஆளாக இருந்தால்? சலுகையைக் கேட்காமலே முழுக் கட்டணம் கொடுத்து, கடன் வாங்கிப் பயணம் போகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்கு, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, தாளை எப்படி மடித்துக் கொடுப்பது என்று சொல்லித்தருகிறவரும் ஒரு சக நோயாளிதான். ரயில்வே சட்டப் புத்தகத்தில் இதெல்லாம் எழுதியிருக்காது.

பேர் கெடுமாம்!

இரண்டாவது எதிர்ப்புக்கு வருவோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் தொற்றாது, ஒரே டம்ளரில் டீ குடித்தால் தொற்றாது, கைகுலுக்கினால் தொற்றாது என்பது இன்று பள்ளிக்கூடப் பாடம். பிள்ளைகள் படிக்கிற இடம் என்று சொல்கிறீர்களே, அந்தப் பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள் அண்ணாச்சி.

2017இல் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வேலை, படிப்பு, மருத்துவம், வாடகை வீடு எதிலும் இவர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது அது. சம்மதம் இல்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் புகார் கேட்க ஓர் அதிகாரி இருக்கவேண்டும் என்கிறது. உங்கள் பட்டறையில், மில்லில், அலுவலகத்தில் அப்படி ஓர் அதிகாரி யார் என்று யாருக்காவது தெரியுமா? போய்க் கேளுங்கள். கேட்டதற்கே முழிப்பார்கள்.

சட்டம் வருவதற்கு இருபது வருடம் முன்பே ஒரு தொழிலாளி வழி காட்டியிருக்கிறான். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தினக்கூலியாய் இருந்தவனை, எச்.ஐ.வி. இருக்கிறது என்று காரணம் காட்டி வேலையிலிருந்து கழித்தார்கள். அவன் மும்பை உயர்நீதிமன்றத்துக்குப் போனான். 1997 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வேலை செய்யும் தகுதி இருக்கிறவனை, பிறருக்கு அபாயம் இல்லாதபோது, இந்தக் காரணத்துக்காக மட்டும் ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். வழக்குக் காகிதத்தில் அவன் பெயர் 'எம்.எக்ஸ்.' என்று மட்டும் இருக்கிறது. பெயரை மறைத்து வழக்கு நடத்தும் உரிமையையும் அவனே வாங்கிக் கொடுத்தான். பெயர் தெரியாத அந்த மும்பைத் தொழிலாளியால் நம் வர்க்கத்துக்குப் பேர் கெட்டதா, வந்ததா?

மூன்றாமவரின் முகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "பாவம், புருஷனால் வந்தது. குழந்தை என்ன பாவம் செய்தது?" என்று இரக்கப்படுகிற நல்லவர்கள் நம்மில் பலர். அந்த இரக்கத்தை நான் நம்புவதில்லை. ஒருத்தியை நிரபராதி என்று சொல்கிற அதே மூச்சில் இன்னொருவரைக் குற்றவாளி என்று சொல்லிவிடுகிறார்கள். லாரி ஓட்டியவன், ஊசி போட்டுக்கொண்டவன், காமாட்டிபுராவில் இருக்கிறவள், திருநங்கை, இவர்களெல்லாம் தண்டனைக்குரியவர்களா? பீடி குடித்து நெஞ்சடைத்தவனுக்கு நாம் நிதி திரட்டினோம். சாராயத்தால் ஈரல் கெட்டவனுக்கு ஊர்வரை பிணத்தைக் கொண்டுபோக மன்றத்துப் பணம் கொடுத்தோம். அப்போது யாரும் நடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்கிறார்கள். நம் உறுப்பினர் பட்டியலில் ஒருவரும் இல்லை என்று யாராவது நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

பொதுக்குழுவுக்கு நான் கொண்டுவரும் தீர்மானம் இரண்டு பகுதி கொண்டது. ஒன்று, அறையைக் கொடுப்பது. நிபந்தனை எதுவும் இல்லாமல், வாடகை இல்லாமல். இரண்டு, எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்போரில் இருந்தே எடுக்கப்படும் தோழமைப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத மாதச் சம்பளமும் சேமநிதியும் அரசின் சொந்த நிதியிலிருந்தே கொடுக்கவேண்டும் என்றும், தமிழர் மிகுந்து வாழும் பகுதிகளின் சிகிச்சை மையங்களில் தமிழ் பேசும் பணியாளர் ஒருவரையாவது நியமிக்கவேண்டும் என்றும் மத்திய, மாநில சுகாதாரத் துறைகளுக்கு எழுதுவது. முதல் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம், இரண்டாவது அரசியல் என்று சிலர் சொல்கிறார்கள். அரசியல்தான். அரசியல் வேண்டாம் என்றால் பஜனை மடம் நடத்தலாம்.

கூட்டம் வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. தீர்மானம் நிறைவேறினால் அன்று மாலையே அறை திறக்கப்படும். வருகைப் பதிவேடு இருக்காது, யார் வந்தார்கள் என்று எந்தச் செயற்குழு உறுப்பினரும் கேட்கக்கூடாது. மாடிக்குப் போகப் பின்சந்து வழியாகவும் படி இருக்கிறது, அதைத் திறந்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அவர்கள் கேட்டது முன்வாசல். சாவி என்னிடமும் படிப்பகப் பொறுப்பாளரிடமும் இருக்கும். டீச் செலவை ஆறு மாதத்துக்கு ரயில்வேத் தோழர்கள் ஏழு பேர் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.